பக்கத்து வீட்டுக் காரிலிருந்து வந்த கரண்ட்

என் கணவருக்கு நுரையீரல் கெட்டு மூன்று வருடமாகிறது. ஆக்ஸிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளுக்கோ பலத்த மழை பெய்தாலே கரண்ட் போய்விடும்.

கூரையில் சோலார் போட்டு, வீட்டுக்குள் பேட்டரி வைப்பவர்களுக்கு அரசாங்கம் உதவி தருகிறது என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பிக்க ஓடினேன். வீடு இவர் பெயரிலும் இவருடைய அண்ணன் பெயரிலும் இருந்ததால் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அண்ணன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். போன் செய்தேன்.

"அவசரம் என்னம்மா? தைப்பூசத்துக்கு வர்றேன்ல, அப்ப போட்டுத் தரேன்."

சொன்னபடி வந்தார், போட்டும் கொடுத்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"கோட்டா முடிஞ்சிருச்சு ஆன்டி. மறுபடி தொறந்தா நானே கூப்பிடுறேன் லா," என்றார் பேட்டரி பொருத்தும் கம்பெனிக்காரர். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல் மழையில் கரண்ட் போனது. பக்கத்து வீட்டுத் தம்பி மின்சாரக் கார் வைத்திருக்கிறார். அதிலிருந்து வீட்டுச் சாமான்களை ஓட்டலாமாம். நான் கூப்பிடுவதற்கு முன்பே மதில் மேல் வயரைப் போட்டு மெஷினில் மாட்டிவிட்டார். மெஷின் ஓடியது. இவர் முகம் தெளிந்தது.

இரண்டரை மணிக்கு அந்தத் தம்பி கேட்டில் வந்து நின்றார். நனைந்திருந்தார்.

"அக்கா, அவளுக்கு மூணு மணிக்கு டயாலிசிஸ். கிராப் டாக்ஸி போட்டுப் பார்த்தேன், ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். கார எடுத்தே ஆகணும்."

அவர் மனைவி வீங்கிய காலோடு காருக்குள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகச் சொல்லு," என்றார் இவர் உள்ளேயிருந்து.

நானே வயரைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் ஒரே ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. அதை மாட்டிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, தாமதமாகும் என்றார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து இவர் முதுகைத் தடவினேன். வேறு என்ன செய்வது? சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்தது. இவர் உதடு நீலம் பாரித்தது. என் பெயரைச் சொல்ல வாயெடுத்தார், பாதியில் நின்றுவிட்டது.

ஐந்து மணி வாக்கில் கரண்ட் வந்தது. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார்.

அந்தத் தம்பி பார்க்க வந்தார். கட்டில் அருகே நின்று, "மன்னிச்சிருங்கண்ணே," என்றார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மனைவியின் உடம்பைப் பற்றி விசாரித்தார்.

அவர் போன பிறகு இவர் என்னிடம் சொன்னார்: "மழை மாசத்துல என்னை ஆஸ்பத்திரியிலயே விட்டுரு. உன்னால தாங்க முடியாது."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்றேன். கம்பெனிக்காரரிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.