கடைசிக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த பதில்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் ஒரு நூலகத்துக் காவலாளி. பதினொரு வருடமாக ஒரே வாசலில் நிற்கிறவன். இது நடந்தது நள்ளிரவில் இல்லை, சுடுகாட்டிலும் இல்லை. ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மாடியில் குழந்தைகள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. வீடில்லாதவர்கள் படுக்கிற விடுதியைக் காலை ஏழு மணிக்கே பூட்டிவிடுவார்கள். மறுபடி திறப்பது சாயங்காலம் ஆறுக்குத்தான். நடுவில் பதினொரு மணி நேரம் அத்தனை பேரும் எங்கள் தலையில்தான் வந்து விடிவார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. நாற்றம், சண்டை, கழிவறையில் ஊசி. போன கோடையில் ஒருத்தன் விட்ட குத்தில் எனக்கு ஒரு பல் போனது. வரி கட்டுகிறவர்களோ, "இது லைப்ரரியா, சத்திரமா?" என்று என்னைத்தான் பிடித்து உலுக்குவார்கள். அந்தக் கோபத்தை அடுத்து எவன் மூட்டையோடு நுழைகிறானோ அவன்மேல் காட்டுவேன்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. கழிவறைக்குள் போனவர் கால் மணி நேரத்தில் வராவிட்டால் கதவைத் தட்ட வேண்டும். பதில் வந்தால் விட்டுவிட வேண்டும். வராவிட்டால் உடனே திறக்க வேண்டும். போதை ஏறி மூச்சு நின்றுபோனவனைக்கூட, சில நிமிடங்களுக்குள் மூக்கில் மருந்தடித்தால் எழுப்பிவிடலாம். அந்த மருந்து எப்போதும் என் இடுப்பில் இருக்கும். இரண்டு பேரை அப்படிப் பிழைக்க வைத்திருக்கிறேன். ஆனால் போன மாதம் அவசரப்பட்டு ஒரு கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு கிழவர், கால்சட்டை முழங்காலில். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திறந்துவிட்டான் என்று புகார் எழுதிவிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும்.

அன்று 2:20க்கு லோனி வந்தான். ஐம்பது வயது இருக்கும். பத்து நாளாகத்தான் வருகிறான். கையில் இரண்டு மூட்டை. எங்கள் விதிப்படி ஒரு ஆளுக்கு ஒன்றுதான்.

"எத்தனை தடவய்யா சொல்றது? ஒண்ண வெளிய போட்டுட்டு உள்ள வா. இல்ல, நீயும் அதோடயே வெளிய கெட."

படுக்கை மூட்டையைப் பனியில் வைத்துவிட்டு வந்தான். நேராக ஆண்கள் கழிவறைக்குப் போனான். கடைசிக் கதவு. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. மணி 2:21.

2:36. போய்த் தட்டினேன்.

டக். டக். டக்.

"யோவ், உயிரோட இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

தெளிவான குரல். நோட்டில் குறித்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினேன்.

2:51. மறுபடி போனேன். தட்டினேன். "உயிரோட இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அதே வார்த்தை. அதே இழுவை. கதவுக்கு அடியில் அவன் காலணி தெரிந்தது. அதன் முனையில் பனி ஒட்டியிருந்தது. உள்ளே வந்து அரை மணி நேரம் ஆகிறது. சூடேற்றி முழு வேகத்தில் ஓடுகிறது. எனக்கே வியர்க்கிறது. அந்தப் பனி மட்டும் கரையவில்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

3:06. இந்தத் தடவை மார்சியும் வந்தாள். சிறுவர் பிரிவில் வேலை செய்கிறவள். கழிவறைக்குள் வராமல், வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டெரல், திறந்துடேன். எனக்கு என்னமோ சரியாப் படல."

"பதில் வர்றப்ப திறக்கக் கூடாது. என் வேலை போனா நீ சோறு போடுவியா?"

தட்டினேன். "உயிரோட இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"கேட்டியா?" என்றேன் மார்சியிடம்.

"கேட்டுச்சு," என்றாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மாடிக்குப் போய்விட்டாள்.

3:21. தட்டுவதற்குக் கையை ஓங்கினேன். இன்னும் தட்டவில்லை...

"நல்லாத்தான் இருக்கேன்."

கை அப்படியே நின்றது.

கீழே பார்த்தேன். காலணி ஒரு இம்மிகூட நகரவில்லை. பனி அப்படியே இருந்தது. உட்கார்ந்திருக்கிறவன் கால்கள் அவை.

ஆனால் குரல் கீழிருந்து வரவில்லை.

என் முகத்துக்கு நேராக வந்தது. மெல்லிய தகட்டுக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் யாரோ வாயை ஒட்டவைத்துக்கொண்டு பேசுவதுபோல...

"கதவத் திற."

"நல்லாத்தான் இருக்கேன்."

"திறய்யா!"

"நல்லாத்தான் இருக்கேன்."

சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது.

க்ளிக்.

கதவுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

லோனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். ஊசி மடியில். கன்னத்தைத் தொட்டேன்... சில்லென்று இருந்தது.

மூக்கில் மருந்தடித்தேன். இன்னொன்று அடித்தேன். அசைவில்லை.

உதடு மூடியே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மூடியேதான் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கேன்."

நான் ஓடினேன்.

3:29க்கு ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளே போன பத்து, பதினைந்து நிமிடத்தில் மூச்சு நின்றிருக்க வேண்டும் என்றார்கள் பிறகு. அதாவது நான் முதல் தடவை தட்டினபோதே திறந்திருந்தால் அவன் பிழைத்திருக்கலாம். என் நோட்டைக் காட்டினேன். நாலு நேரம், நாலு பதில். நேரத்தைத் தப்பாக எழுதியிருப்பாய் என்றார் போலீஸ்காரர். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் லோனியின் அக்கா ஜெனீவா வந்தாள். பதினாலு மணி நேரம் காரோட்டி வந்திருந்தாள். படுக்கை மூட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"கடைசியா ஏதாவது எழுதிக் காட்டினானா?" என்று கேட்டாள்.

"எதுக்கு எழுதணும்? வாயாலயே சொன்னாரும்மா. நாலஞ்சு தடவ. நல்லாத்தான் இருக்கேன்னு."

அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி கேன்சர்னு அவன் குரல்வளையவே எடுத்துட்டாங்க. என் தம்பியால ஒரு முனகல் முனக முடியாது. செத்தவன்மேல எதுக்குய்யா பொய் சொல்ற?"

நேராக மாடிக்கு ஓடி மார்சியைக் கையோடு கூட்டிவந்தேன். லோனி செத்த நாளிலிருந்தே அவள் என்னிடம் பேசுவதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

"நீயும் கேட்டியே மார்சி. இந்தம்மாகிட்ட சொல்லு. உள்ள இருந்து பதில் வந்துச்சுன்னு சொல்லு."

மார்சி ஜெனீவாவைத்தான் பார்த்தாள்.

"கேட்டேங்க. ஆனா உள்ள இருந்து எந்தச் சத்தமும் வரல." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உயிரோட இருக்கியான்னு கேட்டதும் இவர் குரல்தான். நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னதும் இவர் குரல்தான். என்னமோ கேலி பண்றாருன்னு நெனச்சுப் போயிட்டேன். நான் நின்னிருக்கணும்..."

ஜெனீவா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதை நான் சொல்லவில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது கேள்வி கேட்டது மட்டும்தான் நான். பதில் வந்தபோது என் வாய் மூடித்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்... மூடித்தான் இருந்தது.