கப்பலேறின எங்க தக்காளி

முளைவிட்ட வெங்காயம், டீசல் புகை, நனைஞ்ச சாக்கு... எல்லாம் கலந்த ஒரு வாசம். போர்ட் பிளேர் ஹார்பர்னா எனக்கு இன்னிக்கும் அதான். கடல் காத்து, சுகம்னு யாராவது ரசிச்சுச் சொன்னா எரிச்சல்தான் வருது.

டிப்ளமோ முடிச்சு வேலை கிடைக்காம, காரிமங்கலத்துல இருந்து அந்தமான் போய் ஒரு காய்கறி மண்டியில சேர்ந்தேன். சுத்தியும் கடல், மேடெல்லாம் காடு, வருஷத்துல முக்கால்வாசி மழை. தக்காளி நட்டா வேர் அழுகிடும். வெள்ளைக்காரன் கைதிங்களக் கொண்டுபோய்த் தள்ளின ஊரு அது. அப்புறம் வங்காளி, ராஞ்சிக்காரங்க, நம்ம ஆளுங்கன்னு பொழைக்க வந்தவங்களால நெறஞ்சுது. அரிசியில இருந்து தீப்பெட்டி வரைக்கும் கப்பல்லதான் வரணும். கப்பல் லேட்டானா, அழுகல் தக்காளிக்கே ஜனம் அடிச்சுக்கும்.

அதே நேரம் ஊர்ல எங்கண்ணன், பறிக்கிற கூலிக்குக் கூட கட்டலன்னு தக்காளித் தோட்டத்துல மாட்டை விட்டு மேய்ச்சுக்கிட்டிருந்தார்.

முதலாளிகிட்ட பேசினேன். நேரா அனுப்பச் சொல்லுன்னார். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கப்பல்லயா போவுது? அப்ப செங்காயாவே பறிச்சுடறேன்டா. இது ஒண்ணு நின்னுச்சுன்னா நெலத்தக் குத்தகைக்கு வுட வேணாம்."

அண்ணியும் அவரும் ஒவ்வொண்ணா தொடச்சு பிளாஸ்டிக் கிரேட்ல அடுக்கினாங்களாம். லாரி சென்னை ஹார்பருக்குப் போயிடுச்சு. கப்பலும் கிளம்பிடுச்சு...

எங்க சரக்கு இல்லாம.

எவனோ பெரிய கான்ட்ராக்டரோட டைல்ஸ் வந்துச்சாம். எடமில்லன்னு எங்க தக்காளிய எறக்கி வெயில்ல வச்சுட்டாங்க. அடுத்த கப்பல்லதான் வந்துச்சு. டைல்ஸ் அழுகாது. ஆனா அவசரம் அதுக்குத்தான்.

போர்ட் பிளேர் ஹார்பர்ல கிரேடைத் தூக்கினப்பவே தக்காளி கூழாகி சட்டை மேலெல்லாம் ஒழுகுச்சு. முதலாளி எட்டிப் பாத்தார். "கடல்ல கொட்டிருப்பா"ன்னுட்டுப் போயிட்டார். கொட்டினேன். அழுதேன்னு சொல்ல எனக்கு வெக்கமில்ல.

எஸ்.டி.டி. பூத்ல இருந்து போன் பண்ணி, "அழுகிப்போச்சுண்ணா..."ன்னேன்.

அண்ணன் கேட்டார்: "கிரேடாச்சும் திரும்பி வருமாடா? பக்கத்துக் காட்டுக்காரருகிட்ட எரவல் வாங்குனது."

வரல.

இப்ப அந்த ஊருக்குப் பேரையே மாத்திட்டாங்க. அந்தத் தீவுப் பக்கம் பெரிய போர்ட் வரப்போவுது, உலகத்துக் கப்பலெல்லாம் நிக்கும்னு நியூஸ்ல பேசறாங்க. அங்கயே தங்கிட்ட ஃப்ரெண்டு போன வாரம் மெசேஜ் போட்டான்... கப்பல் வரல, தக்காளி இல்லயாம். நான் திரும்பி வந்துட்ட நம்ம ஊர்ல ரோட்டோரம் கொட்டிக் கெடக்குது. அப்ப பூத்ல கியூல நின்னு வெலய சொல்லிக்கிட்டோம், இப்ப வாட்ஸ்அப்ல போட்டோவோட சொல்லிக்கறோம். முன்னேத்தம் அவ்வளவுதான்.

நெலம் குத்தகைக்குப் போயி ரொம்ப வருஷமாச்சு. அண்ணன் ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். போன லீவுக்கு அவர் ஊருக்கு வந்தப்ப காரிமங்கலம் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனேன். அரைக் கிலோ தக்காளி கேட்டார். கடைக்காரம்மா தட்டை நீட்டி, "நல்லதாப் பாத்துப் பொறுக்கிக்குங்கண்ணா"ன்னாங்க.

"நீங்களே போடுங்க"ன்னுட்டு, வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னார்.