மஞ்சள் வெளுக்கும்வரை

வீட்டு நீச்சல் குளங்களைப் பராமரிப்பது என் வேலை. இன்று காலை வடமாலபேட்டையில் சரஸ்வதி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதமாக ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இன்று இறங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குளத்து நீரைச் சோதனைக் குழாயில் பிடித்து மருந்து விட்டேன். இளமஞ்சளாக வர வேண்டியது, ஆரஞ்சு நிறத்தில் வந்தது. குளோரின் மிக அதிகம்.

"அக்கா, நீங்க எதுனா போட்டீங்களா?"

"தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு காலையில ரெண்டு மடங்கு பவுடர் போட்டேன்பா. தப்பா?"

"இப்ப எறங்குனா கண்ணு எரியும்க்கா. வெயில் ஏறுனா தானா கொறையும்."

"பர்வாலேதுப்பா. நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன்."

குளத்தை மூடும் தார்ப்பாயை முழுக்க விலக்கிவிட்டு நானும் உட்கார்ந்தேன். எதிர் மலை தண்ணீரில் தலைகீழாக அசைந்தது. தரையோடுகளின் மேல் வெயில் வலை போல நெளிந்தது. மணிக்கு ஒருமுறை சோதித்தேன்.

மூன்று மணிக்கு இளமஞ்சள் வந்தது.

அக்கா கம்பியைப் பிடித்து, படிப்படியாக இறங்கினார். மெல்ல மல்லாந்து மிதந்தார்.

"வலிக்குதாக்கா?"

"காலு இருக்கறதே தெரியல," என்றார், கண்ணைத் திறக்காமல்.

புத்தூரில் பதினொரு மணிக்குப் போக வேண்டிய வீட்டிலிருந்து நான்கு முறை போன் வந்துவிட்டது. வெயிலுக்காகக் காத்திருந்தேன் என்றால் நம்புவார்களா? நல்ல காரணமாக ஒன்று சொல்லுங்களேன்.