இன்னும் இடம் இருக்கிறது, நெவில்

வண்டியின் தரையில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படும்படி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெவில் ரசமட்டத்தைப் பார்க்கிறார். கொத்தனார் சுவர் எழுப்பும்போது வைத்துப் பார்ப்பாரே, அதேதான். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் வந்து நிற்க வேண்டும். அது வந்து நிற்கும்வரை அடுப்பு பற்றாது, தேநீர் கிடையாது.

வெளியே தூறலில் அவர் மனைவி மாரீன், சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் மஞ்சள் சாய்வுக் கட்டையைப் பிடித்தபடி நிற்கிறாள்.

“இடது பக்கம் இன்னும் ஒரு விரற்கடை, வாத்து,” என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் ஊர்க்காரர்கள் பிரியமாகக் கூப்பிட்டால் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்டாட்டியும் வாத்துதான், தபால்காரரும் வாத்துதான்.

“ஏத்தலைன்னா என்ன ஆகும்?”

“சாஞ்சு நின்னா ஃப்ரிட்ஜ் ஓடாது.”

“அது பழைய வண்டி ஃப்ரிட்ஜ், நெவில். இது எப்படி நின்னாலும் ஓடும்னு வித்தவனே சொன்னானே.”

“சொல்லுவான். நாம முறைப்படி பண்ணுவோம்.”

முறைப்படி பண்ணுவோம் என்பதைக் கேட்டுக் கேட்டு மாரீனுக்கு நாற்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. வீட்டிலாவது பரவாயில்லை, கோபம் வந்தால் மாடிக்குப் போய்விடலாம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய இந்த ஏழு மீட்டர் நீள மோட்டார்ஹோமில் கோபித்துக்கொண்டு போக ஒரே இடம் கழிப்பறைதான். அதன் கழிவுப் பெட்டி எத்தனை நாளைக்கு ஒருமுறை நிரம்புகிறது என்பதற்கும் நெவில் கணக்கு வைத்திருக்கிறார்.

லெஸ்டரில் ஒரு பேருந்துக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கால அட்டவணை போட்டவர் அவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தை எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குத் தொட வேண்டும் என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றார். பேருந்துகள் அவரை விட்டாலும் அட்டவணை விடவில்லை. இந்தக் கோடையில் ஐம்பத்தாறு நாள் பயணம். லிங்கன்ஷயரின் சமவெளியில் தொடங்கி, யார்க்‌ஷயர் மலை, ஏரிகள், ஷ்ராப்ஷயர், சாமர்செட் வழியாக இப்போது டெவன் வரை வந்தாயிற்று. அத்தனையும் ஒரு நோட்டில், நான்கு நிற மையில் கோடு போட்டு எழுதியிருக்கிறார். எந்தத் தேவாலயத்துக்கு எத்தனை நிமிடம், எந்த ஊரில் தண்ணீர் பிடிப்பது, எங்கே ரொட்டி வாங்குவது, எல்லாம் அதில் உண்டு. நேரம் முடிந்துவிட்டால் வாய் திறந்து சொல்ல மாட்டார். கைக்கடிகாரக் கண்ணாடியை இரண்டு விரலால் டொக் டொக் என்று தட்டிக் காட்டுவார். ஒரு மலை உச்சியில், காலடியில் பள்ளத்தாக்கு முழுவதும் வெயில் விழுந்து கிடந்தபோது, மாரீன் வாய் பிளந்து நின்றாள். பின்னால் டொக் டொக். அவளுக்கு அவரை அப்படியே கீழே உருட்டிவிடலாமா என்றிருந்தது.

ஐம்பத்தாறு நாளில் அவள் தனக்கென்று கேட்டது ஒரே ஒரு காலைப்பொழுது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் அவளோடு நின்று உருளைக்கிழங்கு உரித்த பெவர்லி, கணவர் போனபிறகு டெவன் கடற்கரைக் கிராமம் ஒன்றில் குடியேறியிருந்தாள். இப்போது அங்கிருந்தும் கிளம்புகிறாள், நியூசிலாந்தில் இருக்கும் மகனிடம் போய்விட. நாளைக்கு விமானம். இன்று மதியம் ஒரு மணிக்குச் சாமான் ஏற்ற ஆள் வந்துவிடும். அந்தக் கடற்கரையில் பாறைகளுக்கு நடுவே ஒரு குளம் உண்டு. கடல் உள்வாங்கும்போது மட்டும் வெளியே தெரியும், இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி மூழ்கிவிடும். இன்று காலை பத்து மணிக்கு அது வெளியே வருகிறது. அதில் இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை நீந்துவது என்று பேச்சு. மாரீனுக்கு அறுபத்தேழு, பெவர்லிக்கு எழுபத்திரண்டு. அடுத்த தடவை என்று ஒன்று இருக்கும் என இருவருமே நினைக்கவில்லை.

நெவில் மறுக்கவில்லை. நோட்டில் பச்சை மையில் எழுதிக்கொண்டார்: நாள் 38. கடல், பெவர்லி. நாற்பது நிமிடம்.

“நாற்பது நிமிஷமா?” என்றாள் மாரீன்.

“ஏன், தண்ணி ஜில்லுன்னு இருக்கும். அதுக்கு மேல உன்னால தாங்க முடியாது, வாத்து.”

இந்த மாதிரி வண்டிகள் இரவு தங்கும் முகாம்களில் நெவிலைப் பிடிக்காதவர்கள் குறைவு. ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தியதும் முதலில் குளியலறையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தண்ணீர் சூடா இல்லையா என்பதல்ல விஷயம், துணி மாட்டக் கொக்கி எத்தனை என்பதுதான். “ரெண்டே ரெண்டு கொக்கி. சட்டையை மாட்டினா துண்டை எங்க மாட்றது? மனுஷன் யோசிக்க வேணாமா?” என்று முகாம் பொறுப்பாளரிடம் அரைமணி நேரம் பேசுவார். அடுத்த வண்டிக்காரருக்கு ரசமட்டத்தை இரவல் கொடுப்பார். கொடுத்துவிட்டு, அவர் சரியாக வைக்கிறாரா என்று பின்னாலேயே போய் நிற்பார். நான்கு நாளைக்கு ஒருமுறை ஏணி போட்டு வண்டியைக் கழுவுவார். வாங்கி ஆறு வருடம் ஆகிறது, ஒரு கீறல் கிடையாது. பிள்ளையில்லாத வீட்டில் அந்த வண்டிதான் பிள்ளை என்று மாரீனின் அக்கா ஒருமுறை சொல்லிவிட்டாள். மாரீனுக்கு அது வலித்தது. நெவில் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் மாரீன் இறங்கிப் போய் நின்று இரண்டு கையையும் அகட்டிக் காட்ட வேண்டும். கைகளுக்கு நடுவே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இடம் குறையக் குறையக் கைகள் நெருங்கும். ஏற்பாடு நெவிலுடையதுதான். ஆனால் அவள் கை முழுதாக அகன்றிருக்கும்போதே அவர் பிரேக் போட்டுவிடுவார். இறங்கி வந்து, குனிந்து, தன் கண்ணால் பார்ப்பார். “இன்னும் இடம் இருக்கு, நெவில்” என்பாள். “இருக்குன்னுதான் தோணுது” என்பார். திரும்ப ஏறுவார். அவளை எதற்கு மழையில் நிற்க வைத்தார் என்பது இந்த ஆறு வருடத்தில் அவளுக்கு விளங்கவே இல்லை.

நேற்றிரவு தங்கிய முகாமிலிருந்து கடலுக்கு ஒன்பது மைல். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் தாராளம். எட்டரைக்கே மாரீன் நீச்சலுடையை உள்ளே போட்டுக்கொண்டு, மேலே கம்பளிச் சட்டை மாட்டி உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கிளம்புவதற்குமுன் பட்டியல் படிக்க வேண்டும். மொத்தம் முப்பத்தொரு வரி. அவர் படிப்பார், அவள் ‘ஆச்சு’ சொல்ல வேண்டும்.

“மேல் ஜன்னல்?”

“ஆச்சு.”

“கேஸ்?”

“ஆச்சு.”

“தண்ணிக் குழாய் சுருட்டி...”

“எல்லாமே ஆச்சு, நெவில். முப்பத்தொண்ணும் ஆச்சு. வண்டியை எடு.”

நெவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்ப எதுவரைக்கும் வந்தோம்னு மறந்துபோச்சு,” என்று சொல்லிவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

கிளம்பும்போது பத்து மணி அடிக்கப் பத்து நிமிடம். பெரிய சாலையில் லாரி அதிகம் என்று குறுக்குப் பாதையில் விட்டார். டெவன் குறுக்குப் பாதையைப் பற்றித் தெரிந்த எவரும் ஏழு மீட்டர் வண்டியோடு அதில் நுழைய மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்கரை, அதன்மேல் முள்ளும் புதருமாக வேலி, நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம். பாதி வழியில் எதிரே இன்னொரு மோட்டார்ஹோம் வந்து நின்றது. அதை ஓட்டியவரும் அதே வயது, அதே வெள்ளைத் தொப்பி.

நெவில் கையை உயர்த்தி, நீங்க வாங்க என்று சைகை காட்டினார். அவரும் காட்டினார். மாரீன் இறங்கிப் பின்னால் போய்க் கையை அகட்டினாள். நெவில் பின்னாலேயே எடுத்து, மூன்று முறை இறங்கிப் பார்த்து, ஒரு வயல் வாசலில் ஒதுங்கி நின்றார். எதிர் வண்டி வரவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. அவரும் மரியாதைக்குப் பின்னால் போய் எங்கோ ஒதுங்கி இவருக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிய இன்னும் ஐந்து நிமிடம் ஆயிற்று. சரி, நாமே போவோம் என்று இவர் புறப்பட்டார். அங்கே அவரும் அப்படியே நினைத்துப் புறப்பட்டார். இரண்டு வண்டியும் முதலில் சந்தித்த அதே வளைவில் மூக்கோடு மூக்கு வந்து நின்றன.

இரண்டு பேரும் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். மறுபடியும் இரண்டு பேருமே பின்னால் போனார்கள்.

மூன்றாவது முறை எதிரே வந்து நின்றதும் இருவரும் எஞ்சினை அணைத்து இறங்கிக் கைகுலுக்கினார்கள். அவர் பெயர் கீத், ஊர் நார்விச். பேச்சு மரியாதையில் தொடங்கி, கூரை ஒழுக்குக்குப் போய், பேட்டரிக்கு வந்தது.

“சாஞ்சு நின்னா உங்க ஃப்ரிட்ஜ் ஓடுதா?” என்று கீத் கேட்பது மாரீன் காதில் விழுந்தது.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். இந்த மண்கரைகளுக்கு நடுவே சிக்னல் துளியும் இல்லை. மணி பதினொன்று. பெவர்லி தண்ணீரோரம் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருப்பாள். வரமாட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். மாரீனுக்குச் சுத்தமான எரிச்சல் வந்தது. கதவைத் திறந்து இறங்கினாள்.

“நெவில்.”

“ஒரு நிமிஷம், வாத்து. இவர் வண்டியில ரெண்டு பேட்டரி...”

“இருபத்திரண்டு வருஷம் அவகூட ஒரே அடுப்பங்கரையில நின்னேன். நாளைக்கு அவ நியூசிலாந்து போறா. அங்க உன் வண்டி போகாது, நெவில். ஃப்ரிட்ஜைப் பத்தி நீ சாகிற வரைக்கும் பேசலாம். எனக்கு இருக்கிறது இன்னைக்கு ஒரு காலைதான், அதையும் இந்தச் சந்துல வச்சு மரியாதை காட்டியே தீத்துட்டே.”

கீத் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். அவர் வண்டியின் ஜன்னல் இறங்கியது. உள்ளேயிருந்து அவர் மனைவி, “கீத், வாயை மூடிட்டு வண்டியில ஏறு,” என்றாள். அவர் ஏறினார்.

“பின்னால போனா இன்னும் அரைமணி,” என்றாள் மாரீன். “இந்த இடத்துல கரை தாழ்வா இருக்கு. வேலிக்குள்ள ஒதுக்கு, அவர் தாண்டிப் போயிடுவார்.”

“முள்ளு இருக்கே,” என்றார் நெவில். அவர் குரல் ஒடுங்கிவிட்டது. “பக்கம் பூரா கீறிடும்.”

“கீறட்டும்.”

அவள் வண்டிக்கு முன்னால் போய், வேலியோரம் நின்று, இரண்டு கையையும் அகட்டினாள். நெவில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வண்டி அவளை நோக்கி மெல்ல நகர்ந்தது. முதல் முள் தகரத்தில் பட்டு நீளமாகக் கிறீச்சிட்டது. வழக்கம்போல பிரேக் போடுவார் என்று எதிர்பார்த்தாள். போடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் வேலியையும் பார்க்கவில்லை, பக்கக் கண்ணாடியையும் பார்க்கவில்லை. அவள் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். முன் கதவிலிருந்து பின் விளக்கு வரைக்கும் முள் தன் வேலையைச் செய்தது. கைகள் நெருங்கி ஒரு சாணானபோதுதான் நின்றார். கீத்தின் வண்டி கையகல இடைவெளியில் நழுவிப் போயிற்று. அவர் மனைவி ஜன்னல் வழியாக மாரீனுக்குக் கட்டைவிரல் உயர்த்தினாள்.

கடற்கரை வந்து சேர்ந்ததும் நெவில் இறங்கி முள் கீறிய பக்கத்தைப் பார்க்கவில்லை. வண்டி நிறுத்துமிடம் பயங்கரச் சரிவு, அலமாரிக்குள் கோப்பைகள் உருளும் சத்தம் கேட்டது. மாரீன் வலிக்கிற முழங்காலோடு பாறைகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தாள். அவர் ரசமட்டத்தை எடுக்காமல், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நோட்டும் கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

பெவர்லி போகவில்லை. கழுத்தளவு தண்ணீரில், மஞ்சள் ரப்பர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

“செத்துட்டியோன்னு நினைச்சேன், வாத்து.”

“பதினோரு மணிக்கு நெவில் செத்திருப்பான். கொஞ்சத்துல தப்பிச்சான்.”

“என்ன, மட்டம் பாத்துட்டு இருந்தானா?”

மாரீன் கம்பளிச் சட்டையை உருவிப் பாறைமேல் எறிந்துவிட்டு இறங்கினாள். குளிர் எலும்பைப் பிடித்தது. இரண்டு பேரும் கத்தினார்கள். பிறகு தலைமை ஆசிரியரைப் பற்றி, கட்டி தட்டிப்போன கஸ்டர்டைப் பற்றி, பெவர்லியின் பேத்திகளைப் பற்றிப் பேசினார்கள். பெவர்லி, “நியூசிலாந்துல இப்ப குளிர்காலமாம்,” என்றாள். கொஞ்ச நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மல்லாந்து மிதந்தார்கள்.

தூரத்தில் அலை திரும்பத் தொடங்கியிருந்தது, ஆனால் குளத்தின் விளிம்பை இன்னும் தொடவில்லை. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும் என்று மாரீனின் உடம்புக்கே தெரிந்தது. தலையைத் திருப்பினாள். மேலே பாறையில் நெவில் நின்றுகொண்டிருந்தார். எதிர்பார்த்தபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதோ, தட்டப்போகிறார் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

நெவில் நோட்டைக் காலடியில் வைத்தார். கடலை ஒருமுறை பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டு நழுவி விழுவதையும் கவனிக்காமல், இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி, எவ்வளவு அகட்ட முடியுமோ அவ்வளவு அகட்டிக் காட்டினார்.