சுவரில் ஒட்டிய பொட்டு

அந்தப் பொட்டை ஒட்டியவள் நான்தான்.

கஸ்தூரி அக்கா அல்ல. நான். என் நெற்றியிலிருந்து என் விரலாலேயே பிய்த்தெடுத்து, அந்த வெள்ளைச் சுவரில், அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இரண்டு வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால்தான் சொல்ல முடிகிறது... அதுவும் கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்!

நான் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓவியம் படிக்கச் சென்னைக்கு வந்தவள். செம்பாக்கத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். மாடி அறையின் ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். தாம்பரத்தில் ரயில் ஏறினால் நகரத்தின் எந்தக் கண்காட்சிக்கும் போய்விடலாம் என்று கண்டுகொண்ட அந்த முதல் மாதம், எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நீ படிக்க வந்தியா, ஊர் சுத்த வந்தியா?" என்பாள் சித்தி.

ரெண்டுக்கும்தான் சித்தி, என்பேன். பொய்யில்லை. ஓவியக்கூடங்களுக்குள் நுழைந்ததுமே நான் பாதி உறக்கத்துக்குப் போய்விடுவேன். குளிர்ந்த காற்று, வெள்ளைச் சுவர், தணிந்த குரல்கள்... ஒரு படம் என்னைப் பிடித்துக்கொண்டால் காவலாளி வந்து இருமும்வரை நகர மாட்டேன். திரும்பும்போது ரயில் ஜன்னலில் பல்லாவரத்து மலையும் குரோம்பேட்டைப் பழக்கடைகளும் எல்லாமே யாரோ வரைந்தவையாகத் தெரியும். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியதே பெரிய விஷயம்.

அப்படி ஒரு கூடத்தில்தான் முதன்முதலாக ஒரு படத்தருகே, சுவரில், சின்னச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தேன். புது பீரோவுக்கும் புது வண்டிக்கும் பொட்டு வைக்கிறோமே, அப்படித் திருஷ்டிக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கூட வந்த வகுப்புத் தோழி பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"லூசு! அது வித்துடுச்சுன்னு அர்த்தம். கண்காட்சி முடியற வரைக்கும் படம் அங்கேயேதான் தொங்கும். கடைசி நாள்தான் வாங்கினவங்க எடுத்துட்டுப் போவாங்க."

நானும் சிரித்தேன்.

அந்த வருடம் மார்கழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கண்காட்சி. பழைய பங்களா ஒன்றைக் கூடமாக மாற்றியிருந்தார்கள். கடலோரத்து ஊர்களிலிருந்து, எங்கும் படிக்காமல் தாமாகவே வரையக் கற்றுக்கொண்டவர்களின் படங்கள், பத்து நாள். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று பஸ் மாறிப் போனேன். இரண்டாவது அறையில், மூலையில், அது இருந்தது.

எப்படிச் சொல்வேன் உங்களுக்கு? மணலில் ஒரு வலை காய்கிறது. அவ்வளவுதான் படம். ஆனால் வலையின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒவ்வொரு கடல்! ஒன்றில் விடிகாலைச் சாம்பல். பக்கத்துக் கண்ணில் நண்பகல் வெள்ளை. இன்னொன்றில் மழை. ஓரமாக ஒரு கண்ணில் கடலே இல்லை, வெறும் மஞ்சள். நூற்றுக்கணக்கான கடல்கள்... நான் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, கடைசி பஸ்ஸில் போய் இறங்கினால் சித்தியிடம் வாங்கப்போகும் திட்டு நினைவுக்கு வந்தபோதுதான் அசைந்தேன்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். ஒரு நாளைக்குப் பத்துக் கடல் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பைத்தியம் என்கிறீர்களா? ஆமாம்!

மூன்றாம் நாள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னா பாப்பா, டெய்லி வந்துகினு கீற? காலேஜ் இல்லியா உனக்கு?"

திரும்பினேன். முப்பத்தைந்து வயதிருக்கும். காலையெல்லாம் கோவளத்தில் மீன் விற்றுவிட்டு, குளித்து, மல்லிகை வைத்துக்கொண்டு, பஸ் ஏறித் தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வருபவள். கஸ்தூரி அக்கா. கூடத்தில் அவள் படம் அது ஒன்றுதான்.

"இது நீங்க வரைஞ்சதாக்கா?"

"பின்ன? எங்கூட்டு வலைதான்" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். "அந்த மஞ்சக் கலரு தப்பாப் பூட்ச்சு. வேற பெயின்ட் இல்ல."

அந்த மஞ்சள்தான் எனக்கு உயிர் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஐந்தாம் நாள், முற்பகல். அக்கா இன்னும் வந்திருக்கவில்லை. ஒரு கணவனும் மனைவியும் அந்தப் படத்தின் முன்னால் நின்றார்கள்.

"ஹால்ல சோஃபாக்கு மேல கரெக்டா மேட்ச் ஆகும்ல?" என்றாள் அந்தப் பெண்.

"புடிச்சிருந்தா எடுத்துக்கலாம். வா, காபி குடிச்சிட்டு வந்து சொல்லிடலாம்" என்றார் அவர்.

இருவரும் தோட்டத்துப் பக்கம் போனார்கள்.

எனக்குள் ஏதோ கொதித்தது. சோஃபாவுக்கு மேட்சா? என் கடல்களா? என் கடல்கள் என்றுதான் நினைத்தேன், பாருங்கள் என் திமிரை! இன்னும் எத்தனையோ கண்கள் நான் பார்க்காமலே இருந்தன. அந்தப் படம் யார் வீட்டுக்கோ போய்விட்டால் என்றைக்குமே பார்க்க முடியாது. அறையில் யாருமில்லை. என் விரல் நெற்றிக்குப் போனது... நான் அனுப்பவில்லை என்று சொல்ல ஆசைதான். நான்தான் அனுப்பினேன். பெயர்ச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். "அய்யோ, போயிடுச்சுப்பா" என்றாள் அந்தப் பெண். அடுத்த அறைக்குப் போனார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஒரு கனவைக் கலையாமல் காப்பாற்றிவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன்!

சாயங்காலம் கிளம்பும்போது எடுத்துவிடலாம் என்றுதான் எண்ணம். அதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

பொட்டைப் பார்த்தாள். அங்கே காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று கூடத்தைப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் இருந்தவர் விற்றிருப்பார் என்று மாலையில் வந்தவர் நினைத்தார். "கங்கிராட்ஸ்மா" என்று அவரே கைகொடுத்தார். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வித்துடுச்சு பாப்பா! எங்கூட்டுக்காரரு இன்னா சொன்னாரு தெரியுமா? ஒண்ணே ஒண்ணு எவனாச்சும் வாங்கட்டும், நீ ஆயுசுக்கும் வரைஞ்சுகினு இரு, நான் கேக்கமாட்டேன். இல்லாங்காட்டி இத்தோட மூட்டை கட்டுன்னாரு. இப்ப இன்னா சொல்வாரு? ஆங்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கணவனும் மனைவியும் போய் நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வருகைப் பதிவேட்டில் அவர்களுடைய எண் இருந்திருக்கும். கூப்பிட்டால் திரும்பி வந்திருக்கலாம்... ஆனால் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கலைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "சந்தோஷம்க்கா" என்றேன். கேட்டீர்களா? சந்தோஷமாம்!

மறுநாள் கணவரையும் மாமியாரையும் அழைத்து வந்து பொட்டைக் காட்டினாள். அதற்கடுத்த நாள் தெருவே வந்தது. எல்லாரும் படத்தைவிடப் பொட்டைத்தான் குனிந்து குனிந்து பார்த்தார்கள். நான் தினமும் போனேன். படத்தைப் பார்க்க அல்ல, யாரும் பார்க்காதபோது அதை எடுக்க. எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பேன். கை வராது. மீதமிருந்த கடல்களில் ஒன்றைக்கூட அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கடைசி நாள். வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து படங்களை எடுத்துப் போனார்கள். கஸ்தூரி அக்காவின் படத்துக்கு யாரும் வரவில்லை. அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கணவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். கூடத்தை நடத்தும் மேடம் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு முறை புரட்டினார். பிறகு சுவரருகே வந்து, நகத்தால் அந்த வட்டத்தை மெதுவாக உரித்தெடுத்தார்.

"இது எங்க ஸ்டிக்கர் இல்லையே... எங்களுது பேப்பர். இது வெல்வெட். இது நெத்திப் பொட்டு."

எல்லார் பார்வையும் ஒரே இடத்துக்குப் போனது. கஸ்தூரி அக்காவின் நெற்றிக்கு. அங்கேயும் அதே மாதிரி ஒரு சிவப்பு வெல்வெட் பொட்டு. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற சாதாரணப் பொட்டு.

நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். என் நெற்றியிலும் அதே பொட்டுதான். என்னை யாரும் பார்க்கவில்லை. தோளில் பையும் கையில் வரைபுத்தகமுமாக நிற்கிற படிக்கிற பெண்ணை யார் சந்தேகிப்பார்கள்?

"நான் இல்ல மேடம்... சத்தியமா நான் இல்ல" என்றாள் அக்கா.

"பரவாயில்லம்மா. ஆசைதானே, நான் தப்பா எடுத்துக்கல" என்றார் மேடம். நல்லவர். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில்தான் அது முடிந்த தீர்ப்பாகிவிட்டது.

கணவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்! "எங்க அம்மாவ வேற இட்டுகினு வந்து காட்னியேடி" என்றார். அவ்வளவுதான். படத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அக்கா பின்னாலேயே போனாள்.

அது என் பொட்டு. மூன்றே சொற்கள். வாயில் வந்து நின்றன. கல்லூரியில் தெரிந்துவிடும், சித்திக்குத் தெரிந்துவிடும், இனி எந்தக் கூடத்திலும் உள்ளே விடமாட்டார்கள்... அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை காரணங்கள் ஓடி வந்தன என்கிறீர்கள்! ஒவ்வொன்றும் என்னைப் பற்றியது. அவளைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

போன மாதம் கோவளம் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன், நம்புங்கள். படகுகள் கரையேறி, ஏலம் முடிந்து, வெயில் ஏறியிருந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அட, காலேஜ் பாப்பா! இன்னா இப்டி எளச்சுப் போய்ட்ட? குந்து, குந்து" என்று ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள்.

"வரையறீங்களாக்கா?"

"அதெல்லாம் வுட்டாச்சு. பெயின்ட்ட கூட பக்கத்து வூட்டுப் புள்ளைங்களுக்குக் குட்த்துட்டேன்." மீன் மேல் தண்ணீர் தெளித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பாப்பா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் இல்ல, நான் இல்லன்னு கோயில்ல கற்பூரம் அணைச்சேன். ஒருத்தரும் நம்பல. சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே டவுட்டா கீது. ஆசைல நானே ஒட்டிட்டு மறந்துட்டேனா? நீதான் டெய்லி அங்கயே நின்னுகினு இருந்த. நீ சொல்லு... நானா ஒட்டியிருப்பேன்?"

இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியுமா? கதவைத் திறந்து, விளக்கும் ஏற்றி வைத்துவிட்டு, வா என்று கூப்பிடுகிறாள். நான் வாயைத் திறந்தேன்.

"தெரியலக்கா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அப்ப நான்தான் ஒட்டியிருப்பேன், வுடு" என்று சொல்லிவிட்டு, எனக்காக நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தாள்.