பங்குக் கிணற்றின் படம்

அந்தப் போன் எடுத்த படங்களில் வெயில் பால் கலந்ததுபோல இருக்கும். மத்தியானத்தில் எடுத்ததும் விடியற்காலை மாதிரித் தெரியும். மனிதர்களுக்கு முகம் உண்டு, ஆனால் இது கண், இது மூக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கனவில் வருகிறவர்களை எப்படி மட்டுக்கட்டுகிறோமோ அப்படித்தான் அதிலும்: நிற்கிற விதத்தை வைத்து, சீலையின் நிறத்தை வைத்து, இவர் இன்னார் என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். இன்றைக்கு என் கையில் இருக்கும் போன் தலைமயிரை எண்ணிக் காட்டுகிறது. ஆனாலும் நித்திரையில் எனக்கு வருகிற காட்சிகள் இன்னமும் அந்தப் பழைய போனின் நிறத்தில்தான் வருகின்றன.

கனடாவில் இருக்கும் அண்ணை, தான் பாவித்து முடித்த போனை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். சவர்க்காரக் கட்டியளவு தடிப்பு, தீப்பெட்டியளவு திரை. முதுகில் ஒரு கமராக் கண். அதற்குப் பக்கத்தில், தன்னைத் தானே படம் எடுக்க விரும்புகிறவர்களுக்காகப் பட்டாணிக் கடலையளவில் ஒரு கண்ணாடி. போனில் அம்மாவுக்குப் பிடித்த ஒரே பகுதி அந்தக் கண்ணாடிதான். குளித்துவிட்டு வந்து அதில் திருநீற்றைச் சரி பார்ப்பார். நெற்றி முழுவதும் அதற்குள் அடங்காது. அதனால் முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம் என்று தவணை முறையில் பார்ப்பார்.

படம் எடுப்பதற்கு நடுப் பொத்தானை அமத்த வேண்டும். அமத்தினால் உடனே எடுக்காது. ஒரு மூச்சு விட்டு, யோசித்து, பிறகுதான் எடுக்கும். காகத்தை எடுத்தால் வெறும் மதில் வரும். சிரிப்பை எடுத்தால் சிரித்து முடித்த வாய் வரும். நாம் கண்ட காட்சி அதற்குள் ஒருநாளும் போகாது, அதற்கு அடுத்து நடந்ததுதான் போகும். எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. அந்தப் போனை நான் திட்டின திட்டுக்கு அதற்குக் கால் இருந்திருந்தால் வீட்டை விட்டே போயிருக்கும்.

போதாததற்கு அதன் வயிறும் சின்னது. இருபது படம் கொள்ளாது. அதிலும் பெரும்பகுதியை அண்ணையின் மகன் பிடித்து வைத்திருந்தான். போர்வைக்குள் குழந்தை, பனிச்சட்டைக்குள் குழந்தை, பாதிக் கேக்குக்குப் பின்னால் குழந்தை. அம்மா தூக்கிப் பார்க்காத பேரன். அவற்றில் ஒன்றிரண்டை அழிக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"பிள்ளையின்ரை படத்தை அழிக்கிறதெண்டு வாயாலையும் சொல்லாதை" என்றார் அம்மா.

ஆகவே எனக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு படத்துக்கான இடம். இரண்டாவதை எடுக்கப் போனால் "இடம் போதாது" என்று ஆங்கிலத்தில் சொல்லும்.

அந்த நாட்களில்தான் எங்கள் காணி இருந்த பகுதியைப் போய்ப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். தெல்லிப்பழைக்கு வடக்கே இருந்தது அது. சண்டைக் காலத்தில், ஏழு வயதில் அங்கிருந்து வெளிக்கிட்டவள் நான். பிறகு இருபது வருடத்துக்கு மேல் அது இராணுவத்திடம் இருந்தது, யாரும் உள்ளே போகவில்லை. நாங்கள் சுன்னாகத்தைச் சுற்றி வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் காணிமேல் ஏக்கம் எதுவும் இருக்கவில்லை. அம்மா அந்தக் கிணற்றுத் தண்ணீரின் ருசியைச் சொல்லத் தொடங்கினால் எழுந்து போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமை கிராம அலுவலரான விதானையார் வருவார், அவரவர் தங்கள் காணியில் நின்று இதுதான் என்று காட்ட வேண்டும், காட்ட முடியாதவர்கள் நில அளவை நடக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த அளவை எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அப்போதே அறுபத்தைந்து தாண்டிவிட்டது. முழங்கால் ஏலாது. பற்றைக்குள் நடக்க வழியே இல்லை.

"நீ போய்ப் படம் எடுத்துக்கொண்டு வா பிள்ளை. நான் பாத்துச் சொல்லுறன், எங்கடையோ இல்லையோ எண்டு" என்றார்.

அடையாளம் கிணறுதான். வீடு நிற்காது என்று எங்களுக்குத் தெரியும். அது ஒரு பங்குக் கிணறு. அம்மாவுக்கும் அவருடைய தங்கையான சின்னம்மாவுக்கும் ஒரே காணியை இரண்டாகப் பிரித்துச் சீதனமாகக் கொடுத்தபோது, எல்லையில் வெட்டிய கிணறு. காணி உறுதியில் ஆளுக்குப் பாதி. கொஞ்சக் காலத்திலேயே வேலிச் சண்டை வந்துவிட்டது. வேலிக் கதியாலை நீ ஒரு சாண் தள்ளி நட்டாய், இல்லை நீதான் நட்டாய் என்று தொடங்கி, ஆள் உயரத்துக்கு மேல் பனையோலை வேலி எழுந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த வேலி கிணறுவரை வந்து முட்டி நின்றது. கிணற்று வாயின் குறுக்கேயும் ஒரு தகரம். அதற்குப் பிறகுதான் கிணற்றைச் சுற்றிக் கட்டே கட்டினார்கள். எங்கள் பாதியை அப்பா கட்டினார், அவர்களுடைய பாதியைச் சித்தப்பா கட்டினார்.

பதினொரு வருடம் இரண்டு சகோதரிகளும் கதைக்கவில்லை. ஒரே நீரில் இரண்டு வாளிகள் மட்டும் விழுந்தன. தங்கை வாளியைத் தொப்பென்று போடுகிற சத்தத்தை அம்மா பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறார். "எனக்குக் கேக்க வேணுமெண்டுதான் உவள் அப்பிடிப் போடுறவள்." இடம்பெயர்ந்த பிறகு சின்னம்மா கொடிகாமத்தில் தங்கிவிட்டார். அப்பாவும் சித்தப்பாவும் காலமாகிவிட்டார்கள். செத்தவீடுகளில் கண்டால் அம்மாவும் சின்னம்மாவும் தலையை ஆட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. நாலு மணிக்கு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒழுங்கை இல்லை, வேலி இல்லை, மதில் இல்லை. கண்ணுக்கு எட்டும்வரை புல்லும் பற்றையும். அதற்குள் கிணறுகள் மட்டும் தனித்தனியாக நின்றன. வீடுகள் எல்லாம் எழும்பிப் போய்விட, கிணறுகள் மட்டும் வர மறுத்து இருந்துவிட்டதுபோல இருந்தது. ஆட்கள் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். பலர் கதைக்கவே இல்லை. கதைத்தவர்களும் கோயிலுக்குள் கதைப்பதுபோல மெதுவாகக் கதைத்தார்கள். எனக்கு நடப்பதே நித்திரையில் நடப்பதுபோலிருந்தது.

அம்மா சொன்ன வைரவர் சூலம் துருப்பிடித்துச் சரிந்து நின்றது. அதிலிருந்து கிழக்கே மூன்றாவது கிணறு. எண்ணிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஒரு பக்கத்தில் நின்று எடுத்தேன். வெயில் கமராக் கண்ணுக்குள் இறங்கிப் படம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதை அழித்து, அதே இடத்தில் இன்னொன்று எடுத்தேன், அதுவும் அப்படியே. மற்றப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தால் திரையில் கிணறு அழகாக விழுந்தது. பொத்தானை அமத்தினால், இடம் போதாது. வெள்ளையாகிப்போன அதையும் அழித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்று எடுத்தேன். போனும் தன்பாட்டில் மூச்சுவிட்டு எடுத்தது. படம் சரியா என்று பார்ப்பதற்குள், நேரமாகிவிட்டது வாருங்கள் என்று வீதியிலிருந்து கூப்பிட்டார்கள். இவ்வளவு நேரமும் நான் பார்த்தது திரையில் தெரிந்த கிணற்றைத்தான். எதிரே நின்ற கிணற்றை ஒரு தரமாவது வடிவாகப் பார்த்தேனா என்று இன்றைக்கும் என்னையே ஏசிக்கொள்கிறேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கையை நீட்டிப் பிடித்தார். கிட்டக் கொண்டுவந்தார். தேநீர்த் தட்டைப் போலச் சரித்துப் பார்த்தார். பத்துப் பதினைந்து விநாடியில் திரை இருண்டுவிடும். நான் ஒரு பொத்தானைத் தட்டி வெளிச்சம் வரவைப்பேன். அவர் திரும்பவும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்குவார். இப்படி ஏழெட்டுத் தடவை நடந்தது.

"உது எங்கடை கிணறில்லை" என்றார்.

"வைரவரிலை இருந்து மூண்டாவது அம்மா. எண்ணித்தான் போனனான்."

"சவர்க்காரம் வைக்கிற மாடம் எங்கை? அப்பா மழுமழுவெண்டு பூசின கட்டு எங்கடை. இது என்ன வெள்ளை வெள்ளையாப் புள்ளி?"

"அது படத்தின்ரை பிழை. உந்தப் போன் அப்பிடித்தான்."

"நான் தண்ணி அள்ளின கிணறு எனக்குத் தெரியாதோ பிள்ளை? உது வேறை ஆற்றையோ கிணறு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முள்ளுக் கீறின காலைக் காட்டி, "அப்ப நீங்களே போய்ப் பாருங்கோவன்" என்றேன். சொன்ன பிறகுதான் அவருடைய முழங்காலைப் பார்த்தேன். அம்மா போனை மேசையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "காணி கைவிட்டுப் போட்டுது பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அதுவரை அந்தக் காணி எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் போனை எடுத்து அந்தப் படத்தை நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் கொடிகாமம் சந்தைக்குப் போட்டு வாறன் என்று அம்மாவிடம் சொன்னேன். சுன்னாகத்தில் அவ்வளவு பெரிய சந்தையை வைத்துக்கொண்டு மரக்கறி வாங்கக் கொடிகாமத்துக்குப் போகிறவள் யார்? அம்மா அதை நம்பியிருக்க மாட்டார். ஆனாலும் சந்தைப் பையை எடுத்துத் தந்தார்.

சின்னம்மா சுளகில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். "வா பிள்ளை. கொம்மா சுகமோ?" என்றார். நான் வந்த காரியத்தைச் சொல்லிப் போனை நீட்டினேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினார். திரை ஒரு தரம்கூட இருளவில்லை.

"இது எங்கடை கிணறெல்லோ!" என்றார்.

"வடிவாப் பாருங்கோ சின்னம்மா. அம்மா இல்லையெண்டு சொல்லுறா. உந்த வெள்ளைப் புள்ளி..."

"புள்ளியோ? உது சிப்பி பிள்ளை. கலியாணம் முடிச்ச புதுசிலை வல்வெட்டித்துறைக்குப் போய்ச் சித்தப்பா பொறுக்கிக்கொண்டு வந்தவர். கட்டுக் கட்டேக்கை ஈரச் சீமெந்திலை ஒவ்வொண்டாப் பதிச்சார், எனக்கு வடிவாயிருக்குமெண்டு." விரலால் திரையைத் தடவினார். "கொம்மாவுக்கு எப்பிடித் தெரியும்? அவ ஒருநாளும் இந்தப் பக்கம் வரேல்லையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயிலுக்குப் பயந்து நான் சுற்றிப் போய் நின்றது சின்னம்மாவின் பக்கத்தில். வேலி நின்றிருந்தால் அங்கே போயிருக்கவே மாட்டேன். வேலி இல்லாத வெளியில் எங்கள் பக்கம், அவர்கள் பக்கம் என்ற யோசனையே வரவில்லை. அம்மா தன் கிணற்றின் மறுபாதியை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்து, அது தன்னுடையது இல்லை என்றிருக்கிறார்.

"நில், நானும் வாறன்" என்று சின்னம்மா சீலை மாற்றப் போனார். பேருந்தில் போன் அவர் மடியில்தான் இருந்தது. திரை இருளும்போதெல்லாம், "ஒருக்கா எரிய விடு பிள்ளை" என்பார். நான் தட்டுவேன். சாவகச்சேரி வருவதற்குள் பற்றரியில் ஒரு கோடு குறைந்துவிட்டது.

அம்மா கதிரையில் இருந்தார். வாசலில் தங்கையைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. சின்னம்மா செருப்பைக் கழற்றாமலே சொன்னார்:

"அக்கா, உது என்ரை பக்கம்."

அம்மா போனை வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை சரிக்கவில்லை, நீட்டவில்லை.

"சிப்பியோ?"

"ஓம். அவர் பதிச்சது."

"எவ்வளவு வடிவாக் கிடக்கு. எனக்கொருக்காச் சொல்லியிருக்கலாமெல்லோ."

"நீ எங்கை கதைச்சனி?"

"நீ வாளியைப் போடுற போட்டிலை ஆர் கதைக்கிறது?"

"ஐயோ அக்கா, அது கோவத்திலை இல்லை. எனக்கு வலக்கை அப்பவே ஏலாது. கயிறு வழுக்கிப் போடும்."

அம்மா சின்னம்மாவின் வலக்கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பதினொரு வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கோபத்தை வளர்த்தவர் அவர். அதற்குப் பிறகும் இருபது வருடம் அதைக் காத்து வைத்திருந்தவர். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அவர்களைப் படம் எடுக்க வேண்டும்போல இருந்தது. பொத்தானை அமத்தினால் வழக்கமான பாட்டு: இடம் போதாது. பாதிக் கேக் படம் ஒன்றை அம்மாவிடம் காட்டி, இதை மட்டும் விடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திவிட்டார்.

"கிணத்தை அழி."

"அம்மா, வெள்ளிக்கிழமை விதானையாருக்கு..."

"அவள் வந்து காட்டுவாள். கிணறு அங்கையே கிடக்கும் பிள்ளை. நீ அழிச்சுப்போட்டு எங்களை எடு."

அழித்தேன். நிச்சயமா என்று போன் கேட்டது, ஓம் என்று அமத்தினேன். இரண்டு பேரும் அடையாள அட்டைக்கு இருப்பதுபோல விறைத்துக்கொண்டு இருந்தார்கள். அந்தப் படம் வரவில்லை. போன் மூச்சுவிட்டு யோசித்த இடைவெளியில் சின்னம்மா ஏதோ சொல்ல அம்மா அவர் பக்கம் திரும்பிவிட்டார், அதுதான் விழுந்தது. முகங்கள் கலங்கியிருந்தன. ஆனால் யார் யாரைப் பார்க்கிறார் என்று தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கு மட்டும் நான் போனைத் திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா வீதியில் ஓட்டோவுக்குள் இருந்தார். சின்னம்மா பற்றைக்குள் நடந்து போய்க் கிணற்றடியில் நின்று, முதலில் அக்காவின் பக்கத்தையும் பிறகு தன் பக்கத்தையும் விதானையாருக்குக் காட்டினார். இப்போது அங்கே எங்கள் வீடு இருக்கிறது. கிணற்றடிக்கு வேலி போடவில்லை.

சின்னம்மா காலமாகி நாலு வருடமாகிறது. போன் அதற்கு முன்பே நின்றுவிட்டது. பற்றரி வீங்கி, எந்தச் சார்ஜருக்கும் எரியாமல் கிடக்கிறது. படங்களை வெளியே எடுக்க முடியாது என்று இரண்டு கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பற்றரியைக் கழற்றி எறிந்தேன். போனையும் எறிந்துவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை. இன்றைக்கும் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து, அதைத் திருப்பிப் பிடித்து, பட்டாணிக் கண்ணாடியில் திருநீற்றை முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் பார்க்கிறார். பார்த்து முடித்ததும் சீலைத் தலைப்பால் திரையைத் துடைத்து மேசையில் வைக்கிறார்.

"உது எரியாதம்மா, ஏன் துடைக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எரியாட்டி என்ன, அவள் உள்ளுக்கைதானே இருக்கிறாள்" என்றார்.