சைதுன்னிசாவின் மெஷின்

“நாளைக்கு நீங்க லீவு எடுத்துக்குங்கக்கா. சம்பளம் பிடிக்க மாட்டோம்,” என்றார் புதிதாக வந்திருந்த மேனேஜர் அருண்குமார்.

“எதுக்குங்க தம்பி?” ஓவர்லாக் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார் சைதுன்னிசா.

“ஆயுத பூஜைங்க. உங்களுக்கும் சங்கடம், மத்தவங்களுக்கும் சங்கடம்.”

“எனக்கு இல்லீங்க. மத்தவங்க யாருன்னு சொல்லுங்க, நானே கேட்டுக்கறேன்.”

மேனேஜர் பேச்சை மெஷினுக்கு மாற்றினார். “உங்க மெஷினை நாங்களே தொடச்சு வெச்சர்றோம்” என்றார்.

“நீங்க தொடச்சீங்கன்னா அப்புறம் அது பனியன் தைக்காதுங்க, சாக்குத்தான் தைக்கும்.”

அந்த வரிசை டெய்லர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

ராயபுரத்தில் நாங்கள் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் பழைய டெய்லர்களில் ஒருவர் சைதுன்னிசா அக்கா. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தன் மெஷினைத் தானே துடைத்து, எண்ணெய் மாற்றி, தானே வாங்கி வந்த செவ்வந்திச் சரத்தைச் சுற்றுவார். சந்தனம் வைப்பது பக்கத்து மெஷின் மருதாள். அக்கா பொட்டு வைத்துக்கொள்ள மாட்டார், கும்பிடவும் மாட்டார். பொரிகடலை மட்டும் இரண்டு கை நிறைய வாங்குவார். யாரும் அதைப் பேச்சாக்கியதில்லை.

அன்று வீட்டில் தம்பி இலியாஸும், “நமக்கு எதுக்குக்கா இந்த வம்பு? நம்மாளுங்களும் பேசுவாங்க” என்றாராம்.

“நான் கும்பிடப் போகலடா, என்ற மெஷினுகிட்டப் போறேன். அதைத் தடுக்க அவனும் வேண்டாம், நீயும் வேண்டாம்” என்றிருக்கிறார் அக்கா.

மறுநாள் காலை பூவோடு வந்தபோது, அவருடைய மெஷின் சுவரோரம் தள்ளப்பட்டு, மேலே துணி மூடிக் கிடந்தது. மெஷின் மூலைக்குப் போனால் அடுத்து ஆளும் வெளியே போக வேண்டியிருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அக்கா துணியை உருவி, மடித்து, மேனேஜரின் நாற்காலியில் வைத்தார். மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை மருதாள் பிடித்தார்.

“மருதாக்கா, நீங்க விடுங்க” என்றார் மேனேஜர்.

“ரெண்டும் ஜோடி மெஷினுங்க சார். இதுக்குச் சந்தனம் இல்லைன்னா என்ற மெஷினுக்கும் வேண்டாங்க.”

அதற்குள் இன்னும் சிலர் கைகொடுத்தார்கள். மெஷின் பழைய இடத்துக்கே வந்தது.

பூஜை முடிந்ததும் வழக்கம்போல நான் எல்லோரையும் சேர்த்துப் போட்டோ எடுக்கப் போனேன். வெளிநாட்டில் எங்கள் சரக்கை வாங்குபவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவது என் வேலை. இந்தப் படமும் ஆண்டுதோறும் அவர்களுக்குப் போகும். யாரை எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா என் அருகில் வந்தார்.

“ஓரத்துல நின்னா வெட்டறது சுலபம் கண்ணு. என்னைய நடுவுல நிறுத்து.”